வெறும் வண்டியின் உயரம்

லாரியின் அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே, வில்லைப்போல் வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். சுமை முழுவதையும் தாங்குவது அந்த அடுக்குத்தான். அதில் ஒரு பட்டை முறிந்தாலும் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். முறிந்ததை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டுவதும், தொய்ந்துபோனதைக் காய்ச்சி அடித்து மீண்டும் வளைத்துக் கொடுப்பதும் ஒரு தனித் தொழில். அத்தொழிலை முப்பத்தெட்டு ஆண்டுகளாகச் செய்துவந்த ஒருவரை எல்லாரும் பட்டைக்காரர் என்றே அழைத்தார்கள். வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவருக்குத் தம்முடைய சொந்தப் பெயர் நினைவுக்கு வரும் என்று அவருடைய மைத்துனர் கேலி செய்வதுண்டு.

பட்டைக்காரருக்கு ஐம்பத்தொன்பது வயது. சம்மட்டி ஓசையில் வலக்காது பாதி போய்விட்டது. இடுப்பில் ஒரு பிடிப்பு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. காலையில் பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக ஒரு பழைய டயரின்மேல் உட்கார்ந்து கால்மணி நேரம் சும்மா இருப்பார். முன்பெல்லாம் அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு லாரியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருப்பார். அதைப்பற்றி அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் அல்லவா?

செவ்வாயும் வெள்ளியும் பட்டறை பூட்டியிருக்கும். அந்த இரண்டு நாளும் மனைவியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவளுடைய சிறுநீரகங்கள் செயலிழந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்து இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். பிறகு அதே ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். நோய் எலும்புகளையும் அரித்திருந்தது. முதுகெலும்பில் ஒரு கணு அமுங்கிப்போனதால் அரைமணி நேரத்துக்குமேல் அவளால் உட்கார இயலாது. படுத்துக்கொண்டுதான் பயணம் செய்தாக வேண்டும்.

படுப்பதற்கு ஏற்ற வண்டி ஒன்று வீட்டில் இருந்தது. சிறிய லாரியின் அடிச்சட்டத்தின்மேல், சரக்குப் பெட்டிக்குப் பதிலாக மூன்று வரிசை இருக்கைகளோடு கூடு கட்டி, குடும்ப வண்டி என்று விற்ற காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து வண்டி அது. கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டில் கேட்கும். அதைச் செய்த நிறுவனமே அந்த வகையைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. பழைய வண்டிகளின்மேல் பித்துக்கொண்ட இருவர் தேடிவந்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பின்னிரண்டு வரிசைகளையும் மடக்கி மெத்தை விரித்தால் ஓர் ஆள் தாராளமாகக் காலை நீட்டலாம். மகள் ஒரு சிறிய காரைப் பார்த்து வைத்திருந்தாள். ஆனால் அதில் அவள் தாயால் குனிந்து ஏறவும் முடியாது, நீட்டிப் படுக்கவும் முடியாது.

குறை ஒன்றுதான். பார்ப்பதற்குக் குடும்ப வண்டியாக இருந்தாலும் அடிவயிறு லாரியுடையது. ஒரு டன் சுமைக்கென்று வளைத்த பட்டைகளுக்கு, நாற்பத்துமூன்று கிலோ எடையுள்ள ஒரு பெண்மணி ஏறியிருப்பதே தெரியாது. சாலையில் வரும் பள்ளம் ஒவ்வொன்றையும் அப்படியே கொண்டுபோய் அவள் முதுகில் சேர்த்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, திரும்பி வந்து வாசலில் வண்டியை நிறுத்திய பட்டைக்காரர், பின்கதவைத் திறந்து கைகொடுத்தார். அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கூரையைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

"இனிமே நான் வரலைங்க."

அவர் கேட்கும் காதைத் திருப்பிக்கொண்டு, என்ன என்றார்.

"மெஷினுக்கு நான் பயப்படல. ஊசியும் பழகிப்போச்சு. இந்த ரோடுதான் முடியல. ஒவ்வொரு குழிக்கும் முதுகுல யாரோ உளி வெச்சு அடிக்கிற மாதிரி இருக்கு. மூணு வருஷம் பாத்தாச்சு. போதும்."

போகாமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்: இரண்டு வாரம், மிஞ்சிப்போனால் மூன்று. வீட்டில் இருந்த மூவருக்கும் அது தெரியும். ஆனால் அதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் அவளை மெல்ல இறக்கி உள்ளே அழைத்துச் சென்றார். மகள் பால் வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனாள். வீட்டில் பால் இருந்தது.

மறுநாள் காலை பட்டைக்காரர் தம் பட்டறையைத் திறக்காமல் மைத்துனருடைய கடைசல் பட்டறைக்குப் போனார். மைத்துனர், மனைவியின் தம்பி. இரும்பைக் கடைந்து எந்த அளவிலும் உருளையோ தட்டோ செய்து தரக்கூடியவர். பெரிய பேருந்துகளில் பட்டைக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர்ப் பைகளைப் பொருத்துகிறார்களே, அவற்றை நம் வண்டியின் பின்பக்கத்தில் வைத்தால் என்ன என்று பட்டைக்காரர் கேட்டார். மைத்துனர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பலூன் வண்டி, பலூன் வண்டின்னு சொல்லி ஊரையே சிரிக்க வெச்சீங்களே அத்தான். இப்ப என்ன ஆச்சு?"

"சிரிச்சது போதும்டா. பைக்கு மேலயும் கீழயும் வைக்கிற தட்டு ரெண்டு ஜோடி கடைஞ்சு குடு."

அக்கா சொன்னதை அதன் பிறகுதான் அவர் தெரிவித்தார். மைத்துனர் மறுபேச்சில்லாமல் தட்டுக்கு இரும்பு தேடப் போனார்.

வீட்டில் மனைவியிடம் தவணை கேட்க வேண்டியிருந்தது. அவள் நெடுநேரம் யோசித்தாள். வேலை முடியும்வரை வாடகைக் காரில் வருவதாகவும், முடிந்த பிறகும் வலி இதே நிலையில் இருந்தால் தன்னை யாரும் வற்புறுத்தக்கூடாது என்றும் கடைசியில் சொன்னாள். மகளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டாள். அவர் தலையசைத்தார்.

பட்டைகளைக் கழற்றுவது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. கழற்றிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பட்டை சுமையைத் தாங்குவதோடு, அச்சை முன்னும் பின்னும் நகராமல் பிடித்தும் வைத்திருக்கிறது. காற்றுப்பைக்குத் தாங்கத் தெரியுமே தவிரப் பிடிக்கத் தெரியாது. ஆகவே அச்சிலிருந்து அடிச்சட்டத்துக்கு நீளவாட்டில் நான்கு இரும்புத் தண்டுகளும், குறுக்குவாட்டில் ஒன்றும் பூட்ட வேண்டியிருந்தது. தண்டின் அளவு சற்றே பிசகினாலும் வண்டி நண்டைப்போல் ஒருக்களித்து ஓடும். இடப்பக்கத் தண்டை மூன்றுமுறை வெட்டி மூன்றுமுறை ஒட்டினார். ஓடாமல் நின்றுபோன ஒரு சிறிய பேருந்திலிருந்து பைகள் கிடைத்தன. நீண்டு சுருங்கி வண்டியின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சர்பர் இரண்டையும் புதிதாக வாங்கினார். காற்றடைக்கும் சிறிய கம்ப்ரஸரையும் இரும்புக் கலத்தையும் அடிச்சட்டத்தின் உட்பக்கம் பொருத்தி, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகையும், அழுத்தம் காட்டும் கேஜையும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

வேலை ஒன்பது நாள் நீண்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வெல்டிங் செய்ததில் பொறி தெறித்து இரு கைகளும் புண்ணாயின. படுத்தவருக்கு எழுவது பெரும்பாடாக இருந்தது. பம்பரைப் பிடித்துக்கொண்டு மூன்று தவணையாக எழுந்தார். எட்டாவது நாள், எங்கிருந்தோ காற்று கசிந்தது. குழாயின் மூட்டு ஒவ்வொன்றிலும் சோப்புநீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக் கண்டுபிடிக்க அரைநாள் பிடித்தது. இடையே வந்த வெள்ளியும் செவ்வாயும் வாடகைக் காரில், மகளின் மடியில் தலைவைத்து, கால்களை மடக்கிக்கொண்டு அவள் போய்வந்தாள். இரண்டாம் முறை இறங்கியபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

வியாழக்கிழமை பிற்பகல் வண்டியை அளவு பார்த்தார்கள். அந்தத் தொழிலில் வெறும் வண்டியை வைத்து எவரும் அளவு பார்ப்பதில்லை. சுமையை ஏற்றுவார்கள், சுமையோடு வண்டி மட்டமாக நின்றால் வேலை சரி என்று பொருள். பட்டறை மூலையில் இதற்கென்றே ஐம்பது கிலோ மணல்மூட்டைகள் ஆறு கிடந்தன. வழக்கப்படி ஆறையும் பின்னால் ஏற்றி, வண்டி மட்டத்துக்கு வரும்வரை காற்றடைத்தார்கள். கேஜின் முள் எழுபதில் நின்றது. அவ்விடத்தில் பட்டைக்காரர் சிவப்பு வண்ணத்தால் ஒரு கோடு போட்டார். மூட்டைகளை இறக்கியதும் பின்பக்கம் நான்கு விரற்கடை நிமிர்ந்துகொண்டது. அது அவர் கண்ணை உறுத்தவில்லை. வாழ்நாளெல்லாம் அவர் பார்த்த வெறும் லாரிகள் அனைத்தும் அப்படித்தான் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தன. அவரும் மைத்துனரும் முன்னிருக்கையில் அமர்ந்து ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். தண்ணீரில் மிதப்பதுபோல் இருப்பதாக மைத்துனர் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவளை மெத்தையில் படுக்கவைத்துப் புறப்பட்டார். பாதி வழிவரை பொறுத்திருந்து, ரயில்வே கேட்டில் நின்றபோது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நல்லா இருக்கு என்றாள். திரும்பும்போதும் கேட்டார். அப்போதும் நல்லா இருக்கு என்றாள். அன்று அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கே உறங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் மகளைக் கூப்பிட்டு, செவ்வாய்க்கிழமை வரப்போவதில்லை என்று மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டாள். அடுத்த அறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவரின் காதில் அது விழுந்தது. பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்.

"நல்லா இருக்குன்னு நீதானே சொன்ன? போறப்பவும் சொன்ன, வரப்பவும் சொன்ன."

அவள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பேசினபடி நடந்துக்கங்க" என்றாள். அதற்குமேல் எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவர் கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் நின்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மகளிடம் கொட்டித் தீர்த்தார். ஒன்பது நாள் மண்ணில் புரண்டதைச் சொன்னார்; இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும் என்று கேட்டார்; வலி முதுகில் இல்லை, அவளுக்கு மனம்தான் விட்டுப்போய்விட்டது போலும் என்றார். மகள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். புலம்பல் கேட்டுக் கேட்டுப் பழகியவள். அவர் முடிக்கும்வரை காத்திருந்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, இந்த வண்டியில நீங்க என்னிக்காவது பின்னாடி படுத்துப் போயிருக்கீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்தார். வண்டி வாங்கி இருபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன. பின்னிருக்கையில் அவர் உட்கார்ந்ததுகூட இல்லை.

"சாவியைக் குடுங்க. நான் ஓட்டுறேன், நீங்க படுங்க."

தலையணையில் வலிமருந்தின் நெடி இருந்தது. கூரைத் துணியில், தலைக்கு நேர்மேலே, ஒரு கிழிசல் இருப்பதை அன்றுதான் அவர் கண்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் முதல் பள்ளம் வந்தது. சக்கரம் இறங்கி ஏறிய அதே கணத்தில், கீழே டக்கென்று ஒரு சத்தத்தோடு இரும்பு இரும்பில் மோதியது. அந்த அடி மெத்தையைத் துளைத்துக்கொண்டு நேராக அவருடைய இடுப்புப் பிடிப்பில் வந்து இறங்கியது. அடுத்த பள்ளத்திலும் அவ்வாறே நடந்தது. முன்னிருக்கைக்கு வெறும் அசைவாக வந்து சேர்ந்தது, பின்னால் படுத்திருப்பவருக்கு அடியாக விழுந்தது. மகள் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் எப்போதும் ஓட்டுகிற வேகத்திலேயே ஓட்டினாள். அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றாவது பள்ளத்தில் கூரையைத் தட்டி, நிறுத்தச் சொன்னார்.

இறங்கிப் போய்ச் சாலையோரத்துக் கிலோமீட்டர் கல்லின்மேல் உட்கார்ந்தார். எதிரே வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த நான்கு விரற்கடை உயரத்தை அப்போதுதான் அவர் உண்மையாகப் பார்த்தார். முந்நூறு கிலோவுக்கு அடைத்த காற்று, நாற்பத்துமூன்று கிலோவின் கீழே கல்லாக இறுகிக் கிடந்தது. வண்டி அளவுக்குமீறி நிமிர்ந்ததால் ஷாக் அப்சர்பர் இரண்டும் முழுவதுமாக நீண்டு, மேலும் நீள இடமில்லாமல் ஒவ்வொரு பள்ளத்திலும் முட்டிக்கொண்டிருந்தன.

"மூட்டைக்குப் பண்ணியிருக்கேன்" என்றார். "உங்கம்மாவுக்குப் பண்ணல."

"அம்மா நூத்திநாலு கிலோமீட்டர் இப்படியே படுத்து வந்திருக்காங்கப்பா" என்றாள் மகள். குத்திக்காட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அதுவே பொறுக்க முடியாததாக இருந்தது.

வீடு திரும்பி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஏன் பொய் சொன்னாய் என்று மனைவியைக் கேட்டார்.

"உங்க கையைப் பாத்தேன். ரெண்டும் புண்ணு. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

"அதைச் சொல்றதவிடச் செத்துப்போறது ஈசியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க" என்றாள் அவள். "அந்த வண்டியில படுத்திருக்கிறப்ப ரொம்ப ஈசியாத்தான் தோணுச்சு."

சாவு என்ற சொல் அவ்வீட்டில் உச்சரிக்கப்பட்டது அதுவே முதல்முறை. பிறகு அவர், எங்கும் போகப்போவதில்லை, நிறுத்திவைத்த வண்டியில் ஒரு மணி நேரம் வந்து படுத்தால் போதும் என்றார். மணல்மூட்டைக்குப் பதிலாக அவளை வைத்தே அளவு பார்க்க வேண்டும் என்றும் விளக்கினார்.

"முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினதுக்குக் கடைசியில மூட்டை வேலைதான் குடுக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.

மைத்துனரை வரவழைத்தார்கள். அவர் வண்டியின் அடியில் தலையைவிட்டுப் பார்த்துவிட்டு, இந்த அழுத்தத்தில் கருங்கல்லை ஏற்றினாலும் அதற்கே முதுகு வலிக்கும் என்றார். நீயும் கூட நின்றுதானே பார்த்தாய் என்று பட்டைக்காரர் கேட்டார்.

"என் கண்ணும் உங்க பட்டறையில பழகின கண்ணுதானே அத்தான். லாரின்னா தூக்கித்தான் நிக்கும்னு நானும் இருந்துட்டேன்."

அவள் மெத்தையில் படுத்துக்கொள்ள, பட்டைக்காரர் கீழே மல்லாந்தார். மகள் முன்னால் உட்கார்ந்து திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியேற, வண்டி பெருமூச்சு விட்டு உட்காரும் எருமையைப்போல் தாழ்ந்தது. முள் எழுபதிலிருந்து ஐம்பதுக்கும், நாற்பதுக்கும் இறங்கிக் கடைசியில் இருபத்தாறில் நின்றது. அப்போதுதான் ஷாக் அப்சர்பரின் தண்டு பாதியளவில் வந்து நின்று, மேலே போகவும் கீழே வரவும் அதற்கு இடம் கிடைத்தது. ஒரு பக்கத்துக்கு இன்னும் சிறிது உயரம் வேண்டியிருந்தது. மைத்துனர் தம் பட்டறைக்குப் போய் பைக்கு அடியில் வைக்க விரற்கடைக்கும் குறைவான கனத்தில் ஒரு வளையம் கடைந்து வந்தார். காற்றைக் குறைத்ததால் வளைவுகளில் வண்டி இருபக்கமும் ஆடும். அதற்கு வேறு மருந்தில்லை. மெதுவாக ஓட்ட வேண்டியதுதான்.

மாலை வெயில் சாய்வதற்குள் இரண்டு சுற்றுப் போய்வந்தார்கள். மைத்துனர் ஓட்டினார், பட்டைக்காரர் பின்னால் மனைவியின் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். பள்ளங்களின் எண்ணிக்கை குறையவில்லை. அந்த டக்கென்ற சத்தம் மட்டும் இல்லை.

"வலி இருக்கு" என்றாள் அவள். "பொய் சொல்ல மாட்டேன். ஆனா உளி இல்ல. யாரோ கையால தள்ளி விடுற மாதிரி இருக்கு."

செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மட்டும் வருவதாகச் சொன்னாள். வழியில் எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பிடுங்கக்கூடாது என்று ஒரு நிபந்தனையும் விதித்தாள்.

செவ்வாய்க்கிழமை அரைமணி நேரம் முன்னதாகவே புறப்பட்டார்கள். வளைவுகளில் அவர் ஊர்ந்து சென்றார். பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஒலிப்பானை அழுத்திவிட்டுத் திட்டிக்கொண்டே முந்திப் போனார்கள். அவர்களில் இருவர் அவரிடம் பட்டை கட்டுபவர்கள். கண்ணாடியில் அவளுடைய பாதங்கள் மட்டுமே தெரிந்தன. பெரிய பள்ளங்களில் விரல்கள் மடங்கி, பிறகு விரிந்தன. அவர் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் ஐம்பத்திரண்டு கிலோமீட்டர் போவது, வண்டிக்கு அடியில் ஒன்பது நாள் படுத்ததைவிடக் கடினமாக இருந்தது.

திரும்பும் வழியில் அவளே பேசத் தொடங்கினாள். புதிதாக வந்திருந்த செவிலி மூன்று இடத்தில் குத்தியும் நரம்பைப் பிடிக்கத் தெரியாமல் விழித்ததைச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் நான்கு மணி நேரமும் செல்பேசியில் யாருடனோ நிலத்தகராறு பேசியதைச் சொன்னாள். கொடுத்த தேநீர் வெந்நீர்போல இருந்தது என்றாள். ரயில்வே கேட் வந்தது, போயிற்று; அவளுடைய குறைகள் தீரவில்லை. சாலையைப்பற்றி மட்டும் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் உம் கொட்டிக்கொண்டே ஓட்டினார்.

வாசலில் பின்கதவைத் திறந்து கைகொடுத்தார். அவள் பிடித்துக்கொண்டு இறங்கினாள். படியேறும்போது மூச்சு வாங்கியதால் நின்றாள்.

"வெள்ளிக்கிழமைக்கு அந்தக் கனத்த போர்வையை எடுத்து வைக்கச் சொல்லுங்க. அங்க ஏ.சி. தாங்க முடியல."

சொல்கிறேன் என்றார். அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு, மகளிடம் போர்வையைப்பற்றிச் சொல்லிவிட்டு, மீண்டும் வெளியே வந்து வண்டியின் பின்கதவைச் சாத்தினார். பக்கத்து வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். மறுநாள் புதன்கிழமை. இரண்டு லாரிகளுக்குப் பட்டை மாற்றித் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கால்கள் கெஞ்சின. வாசற்படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றத் தொடங்கினார்.